நீறு பூத்த இலைகள்: நீலச் சதைப்பற்றுச் செடிகளும் தீராத ஒரு கேள்வியும்

சாம்பல் பூசணியை இலங்கைத் தமிழர் நீற்றுப்பூசணி என்பார்கள். முற்றிய காயின் மேல் படியும் வெண்பொடியைப் பார்த்து வைத்த பெயர். விரலால் ஒரு கோடு இழுத்தால் பொடி விரலோடு வந்துவிடும். அடியில் கரும்பச்சைத் தோல் பளபளக்கும். நாவல் பழத்திலும் கருந்திராட்சையிலும் ஆமணக்குத் தண்டிலும் இருப்பது இதே நீறுதான். மெக்சிகோவின் பாறைச் சரிவுகளிலும் தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலங்களிலும் வளரும் சில சதைப்பற்றுச் செடிகளில் அது இலை முழுவதையும் மூடிக்கொள்கிறது. அப்போது இலை பச்சையாகத் தெரியாமல் நீலமாகத் தெரிகிறது.

சக்குலன்ட் என்ற பெயரில் நர்சரிகளில் விற்கும் செடிகளில் அதிகம் பேரை நிறுத்தி வைப்பவை இந்த நீல இலைகள்தாம். ரோஜாப்பூ விரிந்தது போன்ற எச்செவேரியா, விரல்விரலாக நிமிர்ந்து நிற்கும் செனெசியோ, சுண்ணாம்பு பூசியது போன்ற டட்லியா, வாள்போல் நீண்ட நீலக் கற்றாழை எல்லாம் இந்த வரிசையில் வரும். வாங்கிச் சென்ற சில மாதங்களில் நீலம் மங்கி, திட்டுத்திட்டாகப் பச்சை தெரிந்து, கடைசியில் அடித்தண்டு அழுகிப் போவதும் பலர் வீட்டில் நடக்கிறது.

இலைக்கு இந்த நீலம் எதற்கு? தாவரவியலார் ஏறக்குறைய 150 ஆண்டுகளாக இதற்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வருகிறார்கள். ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி இது அன்று. தண்ணீரை எங்கே ஊற்றுவது, செடியை எந்த வெயிலில் வைப்பது, பூச்சி வந்தால் எதைத் தெளிப்பது என்பதெல்லாம் எந்த விடையை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நீலம் எங்கே இருக்கிறது?

முதலில் தீர வேண்டியது நிறம் எதனால் வருகிறது என்பது. இந்த இலைகளில் நீலச் சாயம் எதுவும் இல்லை. ஜெர்மன் தாவரவியலாளர் அன்டன் டி பாரி 1871இல் தாவரங்களின் மெழுகுப் பூச்சுகளை நுண்நோக்கியில் ஆராய்ந்து விரிவாக எழுதினார். அவை ஒரே சீரான படலமாக இல்லாமல் மணிகளாகவும் குச்சிகளாகவும் அடுக்குகளாகவும் இருப்பதை வகைப்படுத்தினார். பிறகு வந்த மின்னணு நுண்நோக்கிகள் அதே காட்சியை இன்னும் நுணுக்கமாகக் காட்டின: தகடுகள், குழல்கள், இழைகள்.

இந்த நுண்துகள்கள் ஒளியின் குறுகிய அலைகளை, அதாவது நீலத்தையும் ஊதாவையும், மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிக்கின்றன. விறகடுப்புப் புகை வெளுத்த வானத்தின் முன் பழுப்பாகவும், இருண்ட மரக்கூட்டத்தின் முன் நீலமாகவும் தெரிவதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். இலையிலும் அப்படித்தான். மேலே மெல்லிய மெழுகு, கீழே கரும்பச்சை. இரண்டும் சேர்ந்தால் நீலம். மெழுகு தடித்தால் எல்லா நிறமும் சிதறி இலை வெண்மையாகிவிடும். எச்செவேரியா நீலமாகவும் டட்லியா வெள்ளையாகவும் தோன்றுவதன் காரணம் பெரும்பாலும் இந்த வேறுபாடே.

2024இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராக்ஸ் மிடில்டனும் அவர் குழுவினரும் புளூபெர்ரிப் பழத்தை வைத்து இதற்கு நேரடிச் சான்று தந்தார்கள். பழத்தோலில் கருஞ்சிவப்புச் சாயம் இருக்கிறது. நீலச் சாயம் இல்லை. தோலின் மெழுகைக் கரைத்தெடுத்து, வேறொரு பரப்பில் மீண்டும் படிகமாக உறைய வைத்தபோது, ஏறக்குறைய 2 மைக்ரான் தடிமனே உள்ள அந்தப் படலம் நீலமாகத் தெரிந்தது. கூடவே புறஊதாவையும் எதிரொளித்தது. பழத்துக்குக் கிடைத்த இந்த முடிவை எல்லா நீல இலைகளுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. மெழுகின் வேதியியலும் துகள்களின் வடிவமும் இனத்துக்கு இனம் மாறுகின்றன. ஆனாலும் நிறம் துகள்களின் அமைப்பிலிருந்து பிறக்கிறது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

கடைகளில் பளிச்சென்ற நீலத்தில் விற்கும் சில செடிகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றுக்கு அடித்திருப்பது பெயின்ட். பெயின்ட் ஒளியைத் தடுக்கிறது. புதிதாக வரும் இலைகள் பச்சையாகவே வரும்.

நீர் காக்கும் கவசம் என்ற பழைய விடை

பலரும் முதலில் சொல்லும் விடை, மெழுகு நீரைக் காக்கிறது என்பது. வறண்ட நிலத்துச் செடி, மேலே மெழுகு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தானாக வந்து நிற்கிறது. தோட்டக்கலைக் கையேடுகளும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இந்த விடையில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத மெழுகைப் பற்றியது. இலையின் மெழுகு இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று புறத்தோலுக்கு உள்ளேயே ஊறிக் கலந்தது, மற்றது தோலின் மேல் படிந்தது. நீலம் தருவது மேலே படிந்தது. ரெய்ன்ஹார்ட் ஜெட்டர், மார்க்கஸ் ரீடரர் என்னும் இருவர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் எட்டுத் தாவர இனங்களை எடுத்துக்கொண்டு, இலைமேல் வேலம்பிசினைப் பூசி, காய்ந்ததும் உரித்தெடுத்தார்கள். மேல்மெழுகு பிசினோடு வந்துவிட்டது, உள்மெழுகு தங்கிவிட்டது. பிறகு நீரிழப்பை அளந்தபோது, நீரைத் தடுத்து நிறுத்துவதில் உள்மெழுகே எல்லாவற்றிலும் முக்கியப் பங்கு வகித்தது. மேல்மெழுகின் பங்கு சில இனங்களில் மட்டுமே தெரிந்தது. அந்த எட்டு இனங்களை வைத்து எச்செவேரியாவுக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் நீலம் இருப்பதால்தான் நீர் தங்குகிறது என்ற நம்பிக்கையை அந்தச் சோதனை நன்றாகவே அசைத்துவிடுகிறது.

சதைப்பற்றுச் செடிகளின் நீர்ச் சிக்கனத்துக்கு வேறொரு பெரிய காரணமும் இருக்கிறது. அதைக் கண்டறிந்த கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. தரங்கம்பாடிக்கு மதப்பணிக்காக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் நிர்வாகத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹைன். ரணகள்ளியின் இலையை அவர் காலையில் மென்றபோது புளித்தது. நண்பகலில் சுவையற்றுப் போனது. மாலையில் லேசாகக் கசந்தது. இதை அவர் கடிதமாக எழுத, லண்டனின் லின்னேயன் சங்கம் 1815இல் அச்சிட்டது. அந்தப் புளிப்பின் பொருள் பின்னால்தான் முழுமையாக விளங்கியது. இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து, உள்வாங்கிய கரிவாயுவை மாலிக் அமிலமாகச் சேமிக்கின்றன. விடிந்ததும் அந்தச் சேமிப்பை எடுத்து ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகின்றன. ரணகள்ளியும் எச்செவேரியாவும் டட்லியாவும் சேர்ந்த கிராசுலேசி குடும்பத்தின் பெயராலேயே இந்த வழிமுறை இன்று அழைக்கப்படுகிறது. ரணகள்ளிக்கு நீல நீறு கிடையாது. ஆனாலும் வறட்சியைத் தாங்குகிறது. நீர்க்கவசம் என்ற விடைக்கு இது ஒரு நேரடி மறுப்பு ஆகாது. ஆனாலும் அந்த விடைக்கு வழக்கமாகத் தரப்படும் எடை மிகை என்பதைக் காட்டுகிறது.

வெயிலுக்குக் குடை

இரண்டாவது விடை ஒளியைப் பற்றியது. மெழுகு, தேவைக்கு மேற்பட்ட வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்கிறது இந்தக் கட்சி. இதற்கு வலுவான சான்று கிடைத்தது சதைப்பற்றுச் செடிகளிடமிருந்தே.

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் வளரும் டட்லியா பிரிட்டோனையில் நீறு பூத்த செடிகளும் உண்டு, நீறில்லாத பச்சைச் செடிகளும் உண்டு. இரண்டின் இலைகளையும் ஒப்பிட்டு தாமஸ் மல்ராய் 1979இல் எழுதினார். நீறு பூத்த இலை புறஊதாக் கதிரில் 83 சதவீதம் வரை எதிரொளித்தது. பச்சை இலை பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டது. தாவரங்களில் அளக்கப்பட்ட மிக உயர்ந்த புறஊதா எதிரொளிப்பாக இந்தச் செடியின் பெயரே இன்றும் சொல்லப்படுகிறது. 1993இல் ஷரோன் ராபின்சன், கேத்தரின் லவ்லாக், பாரி ஆஸ்மண்ட் மூவரும் தென்னாப்பிரிக்கச் செடியான கோட்டிலெடன் ஆர்பிகுலேட்டாவின் மெழுகைத் துடைத்துப் பார்த்தார்கள். மெழுகில்லாத இலைகள் கடும் ஒளியில் ஒளிச்சேர்க்கைத் திறனை இழந்தன. குடையைப் பிடுங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்று நேரடியாகக் காட்டிய சோதனை அது.

இந்த விடைக்கும் ஓட்டைகள் உண்டு. குடை வெயிலை மட்டும் தடுப்பதில்லை. செடிக்கு வேண்டிய ஒளியையும் சேர்த்துத் தடுக்கிறது. நிழலிலும் மேகமூட்டத்திலும் அது சுமையாகலாம். பிரிட்டோனையில் பச்சைச் செடிகளும் காலங்காலமாகப் பிழைத்திருக்கின்றனவே, நீறு அத்தனை இன்றியமையாததென்றால் அவை எப்படி நிலைத்தன என்ற கேள்வியும் நிற்கிறது.

டாஸ்மேனியாவிலிருந்து வரும் சான்று இன்னொரு பக்கம் இழுக்கிறது. பார்பர், ஜாக்சன் இருவரும் 1957இல் அங்குள்ள ஒரு யூக்கலிப்டஸ் இனத்தில் மலை ஏற ஏற நீல இலை மரங்கள் கூடுவதைக் காட்டினார்கள். அங்கே பேசப்பட்ட காரணம் உறைபனி. நீலகிரியில் வளர்க்கப்படும் தைலமரத்தின் கன்றிலும் இதே நீறு உண்டு. இளமரத்தின் அகன்ற இலைகள் சாம்பல் நீலமாக இருக்கும். முதிர்ந்த மரத்தின் அரிவாள் இலைகளில் அது போய்விடும். ஒரே மரம், ஒரே வெயில். இளமைக்கு மட்டும் நீறு எதற்கு என்பதற்கு ஒளி விடையால் மட்டும் பதில் சொல்ல முடிவதில்லை.

மழை, தூசி, பூச்சி

தாமரை இலைத் தண்ணீரை உவமையாக்கிய மொழிக்கு மூன்றாவது விடை புதிதாகத் தோன்றாது. வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸ் இருவரும் 1997இல் தாமரை இலையை முன்வைத்து விளக்கினார்கள்: மெழுகுத் துகள்களின் நுண்மேடுகளில் தண்ணீர் ஒட்ட இடமின்றி உருண்டையாகத் திரள்கிறது; உருளும்போது தூசியையும் பூஞ்சை வித்துகளையும் வாரிக்கொண்டு போகிறது. எச்செவேரியா லாவியின் இலையில் ஒரு சொட்டு விட்டால் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். சொட்டு வெள்ளிக்குண்டு போல உருண்டு, இலையடியில் தேங்கி நிற்கும். ஆனால் அது போன வழியில் மெல்லிய கோடு ஒன்று விழும். சொட்டு எடுத்துப் போனது தூசியை மட்டுமன்று, கொஞ்சம் நீறையும்தான். தாமரைக்கு நன்மை செய்யும் அதே அமைப்பு, அடிக்கடி நனையும் தொட்டிச் செடியில் தன்னையே தேய்த்துக்கொள்கிறது.

பூச்சிகளைப் பற்றிய விடை மிகவும் கலவையானது. ஆமணக்கில் நீறில்லாதது, ஒருமடி நீறு, இருமடி, மும்மடி எனப் பயிர் வல்லுநர்கள் பிரிக்கிறார்கள். நீறு மிகுந்த வகைகளைத் தத்துப்பூச்சி குறைவாகவே தாக்குகிறது. முட்டைக்கோஸிலோ வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்கு நீறில்லாத பளபள இலைதான் ஒத்துவருவதில்லை. ஒரே மெழுகு ஒரு பூச்சிக்குச் சுவர், இன்னொன்றுக்குப் பாதை. ஆகவே நீலச் செடிக்குப் பூச்சி வராது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. மாவுப்பூச்சி தாராளமாக வரும். அதன் வெண்பஞ்சும் செடியின் வெண்நீறும் ஒன்றுபோலத் தெரிவதால், இலையிடுக்கில் அது பெருகிய பிறகே பலர் கவனிக்கிறார்கள்.

வளர்ப்பவர்களின் கட்சிகள்

தோட்டக்காரர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகள் இந்த ஆய்வு வேறுபாடுகளின் நிழல்கள்தாம்.

தொடுவது பற்றி மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்து வறண்ட பள்ளத்தாக்கிலிருந்து 1970களில் அறிவியல் உலகுக்கு அறிமுகமான எச்செவேரியா லாவியை ஒருமுறை பிடித்தால் போதும். கட்டைவிரல் ரேகை இலையில் அச்சாக நின்றுவிடும். அந்த ரேகை மறையுமா? நைன்ஹூயிஸும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, துடைத்த மெழுகை மீண்டும் பூப்பிக்கும் திறன் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. சில, இலை வளரும் பருவத்தில் மட்டும் புதுப்பிக்கின்றன. சில முதிர்ந்த பின்னும் புதுப்பிக்கின்றன. சில புதுப்பிப்பதே இல்லை. முதிர்ந்த எச்செவேரியா இலையில் தழும்பு நிலைத்துவிடுவதாகவே வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். தொட்டி மாற்றும்போது இலையைப் பிடிக்காமல் வேர்க்கட்டியையும் அடித்தண்டையும் பிடித்துத் தூக்குவது இதனால்தான்.

தண்ணீரில் இரண்டு கட்சிகள். தினம் கொஞ்சம் தெளிப்பது ஒன்று. மண் முழுக்க நனைய ஊற்றி, நன்றாகக் காயும்வரை விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டாவதே சரி. தெளிக்கும் நீர் வேருக்குப் போய்ச் சேருவதில்லை. நீறைக் கழுவி, ரோஜா அடுக்கின் நடுவில் தேங்கி அழுகலைத் தொடங்கிவைக்கிறது. டட்லியா இயற்கையில் செங்குத்துப் பாறையில் பக்கவாட்டில் சாய்ந்து வளர்வதால் மழைநீர் அதன் நடுவில் தங்குவதில்லை. அனுபவசாலிகள் தொட்டியிலும் அதைச் சற்றுச் சாய்த்தே நடுகிறார்கள். தேங்காய் நார்க்கழிவு மட்டும் நிரப்பிய தொட்டிகளில் வரும் செடிகளை வாங்கியதும் மாற்றுவது நல்லது. அது ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். செங்கல் துண்டுகளும் கரடுமுரடான மணலும் பாதிக்கு மேல் இருக்கும் கலவை, அடியில் துளையுள்ள மண்தொட்டி, இவை போதும்.

வெயில் பற்றி விவாதம் சூடானது. நீலம் தழைக்க முழு வெயில் வேண்டும் என்பார் ஒரு சாரார். இலை கருகுகிறது, நிழல் வேண்டும் என்பார் மறுசாரார். ஈ. ஏ. பேக்கர் 1974இல் முட்டைக்கோஸ் குடும்பத்துக் குட்டிக்கோஸை வைத்துச் செய்த ஆய்வில், ஒளி கூடி ஈரப்பதம் குறைந்தபோது மெழுகு அதிகமாகப் படிந்தது. முதல் சாரார் சொல்வதில் பொருள் இருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் மெழுகு, இலை உருவாகும்போது படிவது. நிழலில் வளர்ந்த இலைக்குக் குடை மெல்லியது. அதைத் திடீரென்று மொட்டைமாடி வெயிலில் வைத்தால் கருகத்தான் செய்யும். வாரக்கணக்கில் படிப்படியாக வெயிலுக்குப் பழக்கினால், புதிய இலைகள் தமக்கு வேண்டிய நீறோடு வரும். இரு சாராரும் ஒரே செடியின் வெவ்வேறு வயது இலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பகல் வெயிலைவிடத் தமிழ்நாட்டுச் சமவெளியில் பெரிய தடை இரவுதான். இங்கே ஹைனின் புளித்த இலை மீண்டும் நினைவுக்கு வர வேண்டும். இரவில் துளை திறந்து மூச்சுவாங்கும் செடிக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். இரவு வெப்பம் ஏறினால் அமிலச் சேமிப்பு குறைகிறது. பெரும்பாலான எச்செவேரியாக்கள் மெக்சிகோவின் மேட்டுநிலத்துச் செடிகள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பெங்களூரிலும் அவை மகிழ்ந்து வளர, மே மாத இரவிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத சென்னையில் சோர்ந்து அழுகுவதற்கு ஈரப்பதத்தோடு இதுவும் காரணமாகலாம். டட்லியா இன்னும் கடினம்: குளிர்காலத்தில் வளர்ந்து கோடையில் உறங்கும் செடி அது, உறங்கும்போது ஊற்றும் தண்ணீர் அதைக் கொன்றுவிடும். சமவெளியில் நீலம் வேண்டுவோர் செனெசியோவிலும் கற்றாழை வகைகளிலும் தொடங்குவது விவேகம். வேலியோரங்களில் யாரும் கவனிக்காமல் சாம்பல் நீலமாக நிற்கும் ஆனைக்கற்றாழை மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். அதன் உறவான நீலக் கற்றாழை விளையும் டெக்கீலா வயல்வெளி 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பூச்சி மருந்தில்தான் நம் ஊர்ப் பழக்கம் நீலச் செடிக்கு எதிராக நிற்கிறது. மாவுப்பூச்சி என்றால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் என்பது வீட்டுத் தோட்டத்தின் பாலபாடம். மற்றச் செடிகளுக்கு நல்ல மருந்து அது. நீறு பூத்த இலையிலோ எண்ணெய் மெழுகைக் குலைத்துவிடுகிறது. தெளித்த இடமெல்லாம் பளபளக்கும் பச்சையாகிவிடும். பூச்சி தெரிந்த இடத்தை மட்டும் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுமுனையால் தொட்டெடுப்பது சேதத்தைச் சிறிய புள்ளியோடு நிறுத்தும். அந்தப் புள்ளியில் நீறு போவதைத் தவிர்க்க முடியாது. காய்ந்த அடி இலைகளை அவ்வப்போது நீக்குவது பூச்சியின் மறைவிடத்தைக் குறைக்கும்.

இன்னும் தெளியாதவை

எல்லா விடைகளையும் வைத்துப் பார்த்தால், சதைப்பற்றுச் செடிகளைப் பொறுத்தவரை ஒளி பற்றிய விடையே இப்போதைக்கு வலுவாக நிற்கிறது. நீர்க்கவசம் என்ற விடை, அதிகம் சொல்லப்படும் அளவுக்குச் சான்று இல்லாதது. தூசியும் பூச்சியும் பற்றிய விடைகள் சில இனங்களுக்குப் பொருந்துகின்றன; பொது விதியாக்கும் அளவுக்கு அவை வளரவில்லை. ஒரே மெழுகு பல வேலைகளைச் செய்யலாம், எந்த வேலைக்காக முதலில் தோன்றியது என்பது இனத்துக்கு இனம் மாறலாம் என்ற எச்சரிக்கையான நிலைப்பாடே பொருத்தமாகப் படுகிறது.

நீலம் என்ற நிறத்துக்கே ஏதாவது பயன் உண்டா, அல்லது புறஊதாவைத் தடுக்கும் வேலையின் பக்கவிளைவாக மட்டும் நீலம் நம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது திறந்த கேள்வி. பழத்தின் நீலம் பறவையை அழைக்கலாம். இலை யாரை அழைக்க வேண்டும்? ஈரமான வெப்பச் சமவெளியில் இந்த மெழுகு எப்படி நடந்துகொள்கிறது என்பதும் விரிவாகப் பேசப்பட வேண்டியது. வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பகுதி குளிர்ந்த அல்லது வறண்ட ஊர்களில் எழுதப்பட்டவை. சென்னையிலும் திருச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் செடியின் பெயர், இரவு வெப்பம், நீர் ஊற்றிய நாள், புதிய இலையின் நிறம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவந்தால், இந்த மண்ணுக்கான விடை அங்கிருந்து கிடைக்கத் தொடங்கும்.

கடைசியாக ஒன்று. கலிஃபோர்னியாவின் கடற்பாறைகளிலிருந்து டட்லியாக்களை ஆயிரக்கணக்கில் பெயர்த்து ஆசியச் சந்தைக்குக் கடத்திய வழக்குகள் வெளிவந்த பிறகு, அந்த மாநிலம் 2021இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நீல இலைச் செடியை, அதிலும் முதிர்ந்த அரிய செடியை வாங்குவோர், அது விதையிலோ பதியனிலோ நர்சரியில் வளர்ந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்காதீர்கள்.